கொடுவாவுக்கு எந்த ஊர்?

அத்தியாயம் 9

"மீனுக்கெல்லாம் சொந்த ஊர் உண்டாக்கா?" என்று கேட்டான் உதவியாளன் உமர் பாரூக். "கடல்னா கதவில்ல, செவுரில்ல. ஒரே வீடுன்னுல்ல நெனச்சேன்!"

"வாயை வச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருடா," என்றாள் கனகலட்சுமி.

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு லாட்ஜின் இரண்டாவது மாடியில் இருந்தது அவளுடைய துப்பறியும் அலுவலகம். கீழே 'தேனி, போடி, கம்பம்' என்று நடத்துநர்கள் தொண்டை வறளக் கூவிக்கொண்டிருந்தார்கள். மேசைக்கு எதிரே ரோகிணி ஒரு தெர்மாகோல் பெட்டியை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். அவளுக்குப் பின்னால், கையில் டிபன் டப்பாவோடு நின்றிருந்தான் அவள் கணவன் அசோக்குமார்.

"காலையிலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கலக்கா. நீங்க சொன்னா ரெண்டு இட்லியாச்சும் சாப்பிடுவா."

"வச்சுட்டுப் போங்க தம்பி. நான் பாத்துக்கிறேன்."

அவன் டப்பாவை மேசை விளிம்புக்கு நேராக இருக்கும்படி நகர்த்தி வைத்தான். "ஆண் மீன், பெண் மீன்னு நாலு வருசம் தூக்கமில்லாம பாடுபட்டா. இப்படிப் பழியப் போட்டுட்டாங்களே. எப்படியாச்சும் இவளக் காப்பாத்துங்கக்கா." வந்த வேகத்தில் படியிறங்கிப் போய்விட்டான்.

"தங்கமான மனுசன்," என்றான் உமர் பாரூக். "எங்க மாமியாருக்கு இப்படி ஒரு மருமகன் வாய்க்கல. பாவம், நான்தான் வாச்சேன்."

ரோகிணி சிரிக்கவில்லை. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அவள் படிக்கும் ஆய்வு மையத்தின் விசாரணைக் குழு கூடுகிறது. ஆய்வில் மோசடி செய்தாள் என்பது குற்றச்சாட்டு. அது உறுதியானால் முனைவர் பட்டம் இல்லை. நார்வேயில் அவளுக்குக் கிடைத்திருக்கும் வேலை இல்லை. இனி எந்த ஆய்வுக்கூடமும் அவளுக்குக் கதவு திறக்காது.

"முதல்லேர்ந்து சொல்லு," என்றாள் கனகலட்சுமி.

"கொடுவா மீனுக்கா. பாம்பனுக்கு வடக்க ஒரு கடல், தெக்க ஒரு கடல். ரெண்டுலயும் இருக்கு. பாக்க அச்சுல வார்த்த மாதிரி ஒரே மீன்தான். ஆனா மரபணுவப் பாத்தா வேற வேற வம்சம். வடக்க இருக்கிறது தெக்க இருக்கிறதோட கலக்கிறதே இல்ல."

"பொண்ணு கொண்டு குடுக்கிறதில்லன்னு சொல்லு."

"அதேதான்க்கா!" ரோகிணியின் முகத்தில் முதன்முதலாக உயிர் வந்தது. "வடக்க வலை போட்டு வழிச்சு எடுத்துட்டாலும் தெக்கேயிருந்து மீன் வந்து நெரப்பிரும்னு எல்லாரும் நம்பிட்டிருக்காங்க. நெரப்பாது. அதத்தான் நான் எழுதினேன். உடனே, வெளியூர்ல வேற ஒரு பரிசோதனைக்கூடத்துல சரிபார்க்கணும்னு கேட்டாங்க. முதல் செட் துண்டெல்லாம் ஆய்வுலயே தீர்ந்துபோச்சு; என்கிட்ட இன்னொரு செட் இருந்துச்சு. மீனோட துடுப்புல ஒரு ஓரம் வெட்டி, ஸ்பிரிட்ல போட்டு, வீட்டு ஃப்ரிட்ஜுல வச்சிருந்தேன்."

"மீன் கொழம்புக்குப் பக்கத்துலயா?" என்றான் உமர் பாரூக்.

"நாங்க வீட்டுல மீன் சமைக்கிறதில்லண்ணே. அனுப்ப வேண்டிய அந்த வாரம் நான் பாம்பன்ல இருந்தேன். எங்க வீட்டுக்காரர்தான் பெட்டிய எடுத்துட்டுப் போய் மையத்துல குடுத்தார். அங்க ஜெயக்கொடின்னு என்னோட படிக்கிறவர் சீல் வச்சு அனுப்பினார். முடிவு வந்துச்சு. ரெண்டு வம்சமெல்லாம் கிடையாது, எல்லாத் துண்டும் ஒரே வம்சம்னு. அப்ப நான் எழுதினது பூரா கட்டுக்கதைன்னு ஆயிருச்சு."

"இந்த ஜெயக்கொடி எப்படி?"

ரோகிணி தயங்கினாள். "நார்வே வேலைக்கு அவரும் மனு போட்டிருந்தார். அவருக்குக் கிடைக்கல."

"முடிஞ்சது!" உமர் பாரூக் எழுந்தே விட்டான். "கேஸை மடிச்சு வைங்கக்கா. நான் போய் அந்தாளு சட்டையப் பிடிக்கிறேன்."

"உக்காருடா. ரோகிணி, பெட்டியத் திற."

"இன்னிக்குக் காலையிலதான் கூரியர்ல திரும்பி வந்துச்சு. தொறக்கவே மனசு வரலக்கா."

பெட்டிக்குள் விரல் அளவுக் குப்பிகள் வரிசையாக நின்றன. பரிசோதனைக்கு எடுத்தது போக மிச்சத் துண்டுகள் அவற்றில் மிதந்தன. ஒவ்வொன்றின் மேலும் ரோகிணியின் கையெழுத்தில் 'ஆ' அல்லது 'பெ', பக்கத்தில் ஓர் எண். கனகலட்சுமி செய்தித்தாளை விரித்து அவற்றை இரண்டு வரிசையாக அடுக்கினாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"பாரூக்கு, உனக்கு என்ன தெரியுது?"

"ஆ-ல இருக்கிறதெல்லாம் நகத்துண்டு மாதிரி மெல்லிசா இருக்கு. பெ-ல இருக்கிறது விசிறி மட்டை மாதிரி தடியா இருக்கு. நம்ம வீட்டு நெலவரந்தான்க்கா. ஆம்பள மெலிஞ்சு போயிட்டான்."

ரோகிணி பதறி எழுந்தாள். ஒரு குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது என்னோடது இல்லக்கா! நான் முழங்கை நீளத்துக்கு மேல மீனே எடுக்கல. ரெண்டு கடல்லயும் ஒரே அளவு மீன்தான். இம்புட்டுத் தடியான துடுப்பு பெரிய மீன்லதான் வரும். குப்பி என்னோடது. உள்ள இருக்கிறது எவனோட மீனோ!"

"இத அந்தக் குழுகிட்டக் காட்டிருவோமா?" என்றான் உமர் பாரூக்.

"காட்டினா, மாட்டிக்கிட்டதும் நீயே மாத்தி வச்சுட்டேன்னு சொல்வாங்க. பழைய துண்டு கைக்கு வரணும். இல்லாட்டி மாத்துன ஆள் வாயைத் திறக்கணும்." கனகலட்சுமி ஒரு குப்பியை விரலால் உருட்டினாள். "ஆமா, இந்த ஆ, பெ எல்லாம் என்ன?"

"இதென்னக்கா கேள்வி?" என்றான் உமர் பாரூக். "ஆண், பெண்."

"இல்லண்ணே," என்றாள் ரோகிணி. "ஆண் கடல், பெண் கடல். பாம்பன்ல அப்படித்தான் சொல்லுவாங்க. தெக்க அலை முட்டி மோதும். அது ஆண் கடல். வடக்க குளம் மாதிரி அமைதியா கிடக்கும். அது பெண் கடல். நானும் ஜெயக்கொடியும் முதல் தடவ ஆண் கடல்ல படகேறின அன்னிக்கு அவர் குடல் வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்தார். அதுலேர்ந்து மையத்துல எல்லாருமே அப்படித்தான் எழுதுறோம்."

"அப்ப உன் மீன்ல எது ஆண், எது பெண்?"

"கொடுவா சின்னதா இருக்கையில எல்லாம் அநேகமா ஆண்தான்க்கா. வளர்ந்து பெருத்தப்புறம் பெண்ணா மாறிரும்."

"யா அல்லா!" என்றான் உமர் பாரூக். "பிறந்த ஊரை மாத்தாது, பிறவிய மாத்திக்குமா?"

கனகலட்சுமி கண்ணாடியை மெல்லக் கீழே இறக்கினாள். அவள் முகம் மாறியிருந்தது. அந்த முகம் உமர் பாரூக்குக்குத் தெரியும். அடுத்த கேள்வியைக் கேட்காமல் அவன் வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தான்.

"ரோகிணி, நீ வீட்டுக்குப் போய்ச் சேலை மாத்திக்கிட்டு ரெடியா இரு. ஜெயக்கொடி போட்டோ இருக்கா?"

செல்பேசியில் தேடி, கிடைத்த ஒன்றை அனுப்பினாள் ரோகிணி. அவளுடைய கல்யாண மேடையில் பரிசுப் பொட்டலத்தோடு நின்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தான் ஜெயக்கொடி.

"இதச் சாப்பிட்டுட்டுப் போ," என்று டிபன் டப்பாவை அவள் பக்கம் தள்ளினாள் கனகலட்சுமி. அதைத் தள்ளும்போது ஒரு கணம் அவள் விரல்கள் மூடியின் மேலேயே நின்றன.

*

"இந்தப் பித்தலாட்டம் பண்ணின ஆளு யோக்கியன்டா," என்றாள் கனகலட்சுமி. மாட்டுத்தாவணி மீன் மார்க்கெட்டை நோக்கி ஸ்கூட்டர் பறந்துகொண்டிருந்தது.

"அப்படி ஒரு ரகம் இருக்காக்கா?"

"பாரேன். கைக்குக் கிடைச்ச மீனை வெட்டிப் போட்டுட்டுப் போயிருக்கலாம். போடல. ஆ-ங்கிற குப்பிக்குச் சின்ன மீன், பெ-ங்கிற குப்பிக்குப் பெரிய மீன். தேடி வாங்கிப் போட்டிருக்கான். ஆண் குப்பியில பெண் மீன் போயிறக்கூடாதேன்னு அம்புட்டுக் கவனம்."

"பொய்யையும் பிசகில்லாம செய்யணும்னு நெனச்சிருக்கான்!"

"அதான் மாட்டப்போறான். ஆண் மீன் எது, பெண் மீன் எதுன்னு அவன் யார்கிட்டயாச்சும் கேட்டிருக்கணும். மதுரையில ஒருத்தன் மீன் கடையில போய் அதக் கேட்டா, அவ்வளவு லேசுல மறப்பாங்களா?"

மறக்கவில்லை. வியாபாரம் முடிந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்த நேரம் அது. உமர் பாரூக் வாய் திறந்து கேட்டதுதான் தாமதம். அந்த வரிசையே சிரித்தது.

"செல்லத்தாயி! ஒங்கிட்ட மீன்ல பொண்ணு மாப்ள கேட்டாரே, அவரத் தேடி ஆள் வந்திருக்கு!"

மீன் வெட்டும் கட்டைக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்தாள் செல்லத்தாய். புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தத் தம்பியா? கொடுவாவுல ஆண் தனியா, பெண் தனியா வேணும்னு கேட்டுச்சு. 'ஏந்தம்பி, கல்யாணம் எதுவும் பேசி முடிக்கப் போறியா'ன்னு கேட்டேன். சிரிக்கவே இல்ல. சின்னதெல்லாம் ஆணு, சினை பிடிக்கிற பெருசுதான் பொண்ணுன்னு சொன்னேன். எல்லாம் ஒரே பண்ணைக் குட்டை மீன்தான். அந்தத் தம்பிக்கு மீன் வேண்டாமாம். ரெக்கை மட்டும் போதுமாம்! இன்ன வரைக்கும் இங்க அதான் பேச்சு."

"ஒரே குட்டையா!" என்று உமர் பாரூக் பல்லைக் கடித்தான். "அதான் ஒரே வம்சம்னு வந்திருக்கு. அக்கா, இந்தப் போட்டோவப் பாருங்க. இந்த ஆளுதான?"

அவன் ஜெயக்கொடியின் மேல் விரலை வைத்துக் காட்டினான். செல்லத்தாய் செல்பேசியைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். ஈரக் கையால் அவன் விரலை ஒதுக்கினாள்.

"இவுகள நான் பாத்ததே இல்ல. இந்தா, இந்தத் தம்பி."

அவள் விரல் நின்ற இடத்தில், கழுத்து நிறைய மாலையோடு மணமகன் அசோக்குமார் சிரித்துக்கொண்டிருந்தான்.

வரிசையின் சிரிப்பு நின்றுவிட்டது. உமர் பாரூக் திரும்பி கனகலட்சுமியைப் பார்த்தான்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"சந்தேகந்தான். ஜெயக்கொடி ஆண் கடல்ல வாந்தி எடுத்தவன். ஆ-வை ஆண் மீன்னு நெனக்க மாட்டான். பெட்டியைத் தொட்டது ரெண்டே பேரு. 'ஆண் மீன், பெண் மீன்னு பாடுபட்டா'ன்னு காலையில சொன்னது யாரு? பொண்டாட்டி என்ன படிக்கிறான்னு அந்தப் பிள்ளைக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியலடா."

அப்போது கனகலட்சுமியின் செல்பேசி அடித்தது. ரோகிணி.

"அக்கா, ஏதாச்சும் தெரிஞ்சுதா? இவர் சீக்கிரமே கூட்டிட்டுக் கெளம்பிட்டார். வண்டியூர்ல மாரியம்மனைக் கும்பிட்டுட்டுப் போனா நல்லது நடக்கும்னு சொன்னார். தெப்பக்குளத்துக்கிட்ட வந்துட்டோம். நான் கோயிலுக்குள்ள போறேன், இவர் வெளிய நிக்கிறார்."

"சரிம்மா. நல்லா கும்பிடு. அவசரமே படாத," என்ற கனகலட்சுமி, இணைப்பைத் துண்டித்ததும் ஓட ஆரம்பித்தாள். "வண்டிய எடுடா! வீடு திருநகர்ல. மையம் அங்கேயிருந்து கூப்பிடு தூரம். வண்டியூர் ஊருக்கு மறுகோடி. இந்த நேரத்துல அங்க என்ன சாமி?"

"பழைய துண்டு அவன்கிட்டயே இருக்குன்னு சொல்றீங்களா?"

"அம்புட்டு ஒழுங்கா மாத்தினவன் அதக் குப்பையில போட்டிருக்க மாட்டான். பெட்டி நம்மகிட்ட வந்ததும் இன்னிக்குத்தான் பயந்திருப்பான். அது தண்ணிக்குள்ள போச்சுன்னா ரோகிணியும் அதோட போயிருவா!"

*

தெப்பக்குளம் நிறைந்து கிடந்தது. மைய மண்டபத்தின் நிழல் தண்ணீரில் ஆடியது. சுண்டல் வண்டிகளைத் தாண்டி, தண்ணீருக்கு மேலிருந்த கடைசிப் படியில் தனியாக நின்றிருந்தான் அசோக்குமார். கையில் ஒரு மஞ்சள் பை. அதன் வாயைச் சுருட்டிக் கெட்டியாகப் பிடித்திருந்தான்.

கனகலட்சுமி அவனை அழைக்கவில்லை. உமர் பாரூக் பக்கவாட்டில் இறங்கி, சத்தமில்லாமல் அவனுக்கும் கீழே, தண்ணீருக்குள் இருந்த படியில் போய் நின்றான்.

"மாப்ள," என்றான் மெதுவாக. "பேன்ட் நனைஞ்சிருச்சு. பெருநாளைக்கு எடுத்த பேன்ட். அந்தப் பையக் குடுத்தீங்கன்னா மேல ஏறிருவேன்."

அசோக்குமார் திடுக்கிட்டுப் பின்வாங்கினான். பின்னால் கனகலட்சுமி நின்றிருந்தாள்.

"ஏன் செஞ்சீங்கன்னு அப்புறம் கேக்கிறேன் தம்பி. பழைய துண்டெல்லாம் பத்திரமா இருக்கா? அத மட்டும் சொல்லுங்க."

அவன் பையைத் தூக்கினான். எறியப் போகிறான் என்று நினைத்து உமர் பாரூக் இரண்டு கையையும் விரித்தான். ஆனால் அசோக்குமார் அதை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"ஒண்ணுகூடச் சிதையலக்கா."

பைக்குள் ஓமியோபதி மருந்துக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் ஸ்பிரிட், ஸ்பிரிட்டில் ஒரு மெல்லிய துண்டு. ஒவ்வொன்றின் மேலும் கோடு தப்பாத கையெழுத்தில் ஆ, பெ, எண்.

"தூக்கிப் போடத்தான் வந்தேன். கை வரல." அவன் குளத்தைப் பார்த்துப் பேசினான். "நார்வேக்குப் போறேன்னு அவ குதிச்சுக்கிட்டு வந்து சொன்னா. நானும் சிரிச்சேன். ராத்திரி பூரா தூக்கம் வரல. முடிவு சரியா வரலன்னா திருப்பிச் செய்யச் சொல்வாங்க, ஒரு வருசம் தள்ளிப்போகும், அம்புட்டுத்தான்னு நெனச்சேன். பொய்க்காரின்னு பட்டம் கட்டுவாங்கன்னு சத்தியமா தெரியாதுக்கா."

"தெரிஞ்சப்புறம்?"

"தெனமும் சொல்லிரணும்னுதான் வீட்டுக்கு வருவேன். அவ எனக்குத் தட்டுல சோறு வச்சுட்டு, சாப்பிடாம உக்காந்திருப்பா. வாய் அடைச்சுக்கும்."

"என்ன வாய் அடைச்சுக்கும்?"

மூவரும் திரும்பினார்கள். மேல் படியில் ரோகிணி நின்றிருந்தாள். நெற்றியில் புதுக் குங்குமம். கணவனுக்கென்று காகிதத்தில் மடித்த குங்குமம் கையில் இருந்தது.

அவள் இறங்கி வந்தாள். மஞ்சள் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். தன் துண்டுகளை அவளுக்குத் தெரியாதா? முதலில் அவள் முகம் மலர்ந்தது. பிறகுதான் அது யார் கையில் இருந்த பை என்பது உறைத்தது.

அவள் கேட்ட முதல் கேள்வியை கனகலட்சுமி எதிர்பார்க்கவில்லை.

"பெ-ல எதுக்குப் பெரிய மீனப் போட்டீங்க?"

"பெண் மீனுன்னு..." அவன் நாக்கு குழறியது. "பெருசுதான் பொண்ணுன்னு மார்க்கெட்ல சொன்னாங்க. தப்பாயிறக் கூடாதேன்னு..."

"அது மீன் இல்லங்க. கடல். ஆண் கடல், பெண் கடல்." ரோகிணியின் குரல் உயரவேயில்லை. "கல்யாணமான நாள்லேர்ந்து ஃப்ரிட்ஜத் திறக்கையிலெல்லாம் அந்தக் குப்பியப் பாக்கிறீங்க. தோசை மாவு எடுக்கிறப்ப அத நகர்த்தி வச்சுட்டு எடுக்கிறீங்க. இது என்ன ரோகிணின்னு ஒரு நாளாச்சும் கேட்டிருக்கலாம்ல? போகாதன்னு சொல்லியாச்சும் சண்டை போட்டிருக்கலாம்ல?"

அவள் குங்குமக் காகிதத்தை மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"மணி ஆகுதும்மா," என்றாள் கனகலட்சுமி.

*

அசோக்குமாரின் காரை உமர் பாரூக் ஓட்டினான். ஓட்டும் நிலையில் இல்லாத அசோக்குமார் முன்னிருக்கையில் இருந்தான். சுற்றுச் சாலையில் லாரிகள் வழி விடவில்லை. ஒவ்வொரு லாரியோடும் உமர் பாரூக் ஒரு புது உறவு சொல்லித் திட்டினான். பின்னிருக்கையில் ரோகிணி பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். கனகலட்சுமி அவள் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

திருநகரைத் தாண்டி, ஆய்வு மையத்தின் வாசலில் கார் நிற்கும்போது உள்ளேயிருந்து பியூன் ஓடி வந்தான். "எல்லாரும் உக்காந்துட்டாங்கம்மா. ஒங்களத்தான் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

கூட்ட அறையின் கதவுக்கு வெளியே அசோக்குமார் நின்றுவிட்டான்.

"நீ உள்ள போ ரோகிணி. துண்டு கிடைச்சிருச்சுன்னு காட்டு. யாரு எடுத்தான்னு கேட்டா என்னச் சொல்லிரு. நான் இங்கயே நிக்கிறேன்."

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள் ரோகிணி.

அவன் முகத்தில் ஒரு நம்பிக்கை எட்டிப் பார்த்தது. அதைக் கண்டதும் அவள் கண்கள் நிறைந்தன. ஆனால் பேச்சு நிற்கவில்லை.

"நான் சொன்னா, தப்பிக்கிறதுக்காகப் புருசனக் காட்டிக் குடுத்தான்னு பேசுவாங்க. சொல்லாட்டி, பொய்க்காரின்னு அனுப்பிருவாங்க. அந்த ரெண்டு கெட்ட பேரும் எனக்கு எதுக்குங்க? ரெண்டையும் நான் செய்யலையே. உள்ள வந்து நீங்களே சொல்லுங்க. அதுக்கப்புறம் நம்ம வீட்டுக்குப் போறதப் பத்தி யோசிக்கலாம்."

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மூடவில்லை. திறந்தே விட்டிருந்தாள்.

அசோக்குமார் திறந்த கதவைப் பார்த்தபடி நின்றான். உமர் பாரூக் அவன் முதுகில் கை வைக்கப் போனான். கனகலட்சுமி தலையசைத்துத் தடுத்தாள். உள்ளே நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் குழுத் தலைவர் மஞ்சள் பையைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது? இதுக்கெல்லாம் சாட்சி யாரு?"

ரோகிணி வாய் திறக்கவில்லை. பையின் மேல் வைத்த கையை எடுக்கவுமில்லை. அறை அவளையே பார்த்தது. குழுவில் ஒருவர் பொறுமையிழந்து ஃபைலை மூடினார்.

அப்போது செருப்புச் சத்தம் கேட்டது. அசோக்குமார் வாசலைத் தாண்டி, மேசை வரைக்கும் நடந்து வந்து நின்றான்.

"நீங்க யாரு சார்?" என்றார் தலைவர்.

"ரோகிணியோட..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். அவளைப் பார்த்தான். அந்தச் சொல்லை இங்கே சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று தோன்றியது போலும்.

"என் பேரு அசோக்குமார். மீனை மாத்தினது நான்."